பூட்டு இருக்கட்டும், சாவி வாங்கியவர் கையில் இருக்கட்டும்

2010 ஏப்ரல் 1 அன்று சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்கு 3.21 என்ற எண்ணிட்ட புதுப்பிப்பை வெளியிட்டது. புதுப்பிப்பு என்றால் ஏதாவது ஒன்று கூடும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இதில் ஒன்று குறைந்தது. அந்தக் கருவி 2006 நவம்பரில் விற்பனைக்கு வந்தபோதே ‘அதர் ஓஎஸ்’ என்ற வசதியோடு வந்தது. வாங்கியவர் விரும்பினால் வன்தட்டில் ஓர் இடம் ஒதுக்கி, விண்டோஸ் போல இன்னோர் இயங்குதளமான லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம். கீபோர்டும் மவுஸும் இணைத்தால் முழுக் கணினியாகவே பயன்படுத்தலாம். புதுப்பிப்பை ஏற்றுக்கொண்டவர்களின் கருவியில் அந்த வசதி இல்லாமல் போனது. மறுத்தவர்களால் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நுழைய முடியவில்லை. புதிதாக வந்த விளையாட்டுகளையும் ஓட்ட முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய இரண்டு பயன்களில் எதை இழக்கிறாய் என்று வாங்கியவரிடமே கேட்டது நிறுவனம்.

கணினி தயாரிப்பவர்கள், வாங்குபவர் வேறு இயங்குதளத்தை ஓட்டிக்கொள்ள வழிவிட வேண்டுமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்த நிகழ்விலிருந்துதான் தொடங்குவேன். பூட்டு போடுவதில் எனக்கு மறுப்பில்லை. வைரஸுக்கும் திருட்டுக்கும் அஞ்சி எல்லா இயந்திரங்களும் பூட்டியே வரட்டும். ஆனால் அந்தப் பூட்டைத் திறக்கும் கடைசி அதிகாரம் விலை கொடுத்தவரிடம் இருக்க வேண்டும். வீட்டை விற்று முழுத் தொகையையும் வாங்கிக்கொண்ட ஒருவர், பின்கட்டு அறையின் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு போனால் நாம் விடுவோமா? கணினி விஷயத்தில் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

பிளேஸ்டேஷன் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த விவாதத்தின் இரு பக்க நியாயங்களும் அதற்குள் இருக்கின்றன.

அந்தக் கருவியின் இதயம் ‘செல்’ என்ற செயலி (பிராசசர்). சோனி, தோஷிபா, ஐபிஎம் மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. ஒரே வகைக் கணக்கைத் திரும்பத் திரும்பப் பெருமளவில் போடுவதில் அது அந்தக் காலத்துச் சாதாரணச் செயலிகளைவிடப் பல மடங்கு வேகம். விளையாட்டுக்காகச் செய்யப்பட்ட இந்த வேகத்தை அறிவியலாளர்கள் கவனித்தார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டார்ட்மத் வளாகத்தில் இருந்த இயற்பியலாளர் கௌரவ் கன்னா 2007இல் சில பிளேஸ்டேஷன்களை ஒன்றாக இணைத்து, கருந்துளைகளைப் பற்றிய கணக்குகளைப் போடத் தொடங்கினார். சூப்பர் கம்ப்யூட்டரில் நேரம் வாங்கப் பணமில்லாத ஒரு துறைக்கு அது பெரிய வரம். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் 1,700க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன்களை அடுக்கி ‘காண்டோர்’ என்ற கணினித் தொகுதியையே கட்டியது. இவை அனைத்தும் லினக்ஸில் ஓடியவை. ‘அதர் ஓஎஸ்’ போன பிறகு, பழுதான கருவிக்கு மாற்றாகக் கடையில் புதிதாக ஒன்றை வாங்கிச் சேர்க்க அவர்களுக்கு வழியில்லை.

சோனி சொன்ன காரணம் பாதுகாப்பு. அதைப் பொய் என்று நான் ஒதுக்க மாட்டேன். 2010 ஜனவரியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர், லினக்ஸ் வழியாகக் கருவியின் அடித்தளக் காவல் மென்பொருளைத் தாண்டி உள்ளே போய்விட்டதாக அறிவித்திருந்தார். அந்த வழி விரிந்தால் திருட்டு விளையாட்டுகள் பெருகும் என்று நிறுவனம் அஞ்சியது. விளையாட்டுக் கருவியை நட்டத்துக்கு விற்று, விளையாட்டு விற்பனையில் அந்த நட்டத்தை ஈடுகட்டும் தொழில் அது. அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் 2009இல் வந்த மெலிந்த மாடலிலேயே, அந்த உடைப்பு நடப்பதற்கு மாதங்கள் முன்பாகவே, ‘அதர் ஓஎஸ்’ நீக்கப்பட்டிருந்தது. அதனால் பாதுகாப்பு மட்டுமே காரணம் என்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு மிக முக்கியம். அதே 2010 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் ‘ஃபெயில் ஓவர்ஃப்ளோ’ என்ற குழு மேடையேறியது. பிளேஸ்டேஷன் 3இல், மென்பொருள் நிறுவனத்துடையதுதான் என்று உறுதிசெய்யும் மின்கையொப்பத்தை இடும் முறையில் ஒரு பெரும் பிழை இருப்பதை அவர்கள் காட்டினார்கள். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக எடுக்க வேண்டிய தற்செயல் எண்ணை நிறுவனம் மாற்றாமல் ஒரே எண்ணாக வைத்திருந்தது. அதிலிருந்து இரகசியச் சாவியைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். அவர்கள் சொன்ன இன்னொன்று: அதுவரை வந்த விளையாட்டுக் கருவிகளில் இது இவ்வளவு காலம் உடையாமல் நின்றதற்குக் காரணம் ‘அதர் ஓஎஸ்’ தான். திறமையுள்ளவர்களுக்கு லினக்ஸ் ஓட்ட நேர்வழி இருந்தவரை அவர்கள் பூட்டைத் தொடவில்லை. நேர்வழியை மூடிய அதே ஆண்டு பூட்டு உடைந்தது.

வழக்கும் நடந்தது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு ஒரு நீதிமன்றத்தில் தள்ளுபடியாகி, மேல்முறையீட்டில் உயிர்பெற்று, கடைசியில் தலைக்குச் சில பத்து டாலர்கள் என்ற சமரசத்தில் முடிந்தது. இருந்த வசதியைப் பறித்தது தவறா என்ற கேள்விக்கு நீதிமன்றத்திலிருந்து தெளிவான தீர்ப்பு வரவேயில்லை.

விளையாட்டுக் கருவி வேறு, கணினி வேறு என்று சிலர் சொல்வார்கள். சரி, கணினிக்கே வருவோம்.

வேறு இயங்குதளத்தைத் தடுக்கத் தொழில்நுட்பப் பூட்டுகூடத் தேவையில்லை என்பதற்கு 1990களின் இறுதியில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆப்பிளின் முன்னாள் நிர்வாகி ஜான்-லூயி கஸ்ஸே தொடங்கிய ‘பீ’ நிறுவனம் பீஓஎஸ் என்ற வேகமான இயங்குதளத்தை உருவாக்கியது. ஹிட்டாச்சி தன் கணினிகளில் விண்டோஸோடு அதையும் சேர்த்துத் தர முன்வந்தது. ஆனால் கணினியைத் திறந்ததும் ‘எது வேண்டும்’ என்று கேட்கும் பட்டியலைக் காட்ட, மைக்ரோசாஃப்டின் உரிம ஒப்பந்தம் இடம் தரவில்லை என்பது பீ நிறுவனத்தின் குற்றச்சாட்டு. பீஓஎஸ் வன்தட்டில் ஒளிந்து கிடந்தது. வாங்கியவர்களுக்கு அது இருப்பதே தெரியவில்லை. மைக்ரோசாஃப்ட் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் 2003இல் 2.325 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அதற்குள் பீயின் சொத்துகள் விற்கப்பட்டு நிறுவனமே மூடப்பட்டிருந்தது.

ஒப்பந்தத்தால் மூடிய வழியைச் சாவியாலும் மூடலாம் என்ற நிலை 2012இல், விண்டோஸ் 8 காலத்தில் வந்தது. ‘செக்யூர் பூட்’ என்பது அதன் பெயர். கணினியை இயக்கியதும் முதலில் ஓடும் ஃபார்ம்வேர், அடுத்து ஏற்ற வேண்டிய நிரலில் நம்பத்தகுந்த ஒருவரின் மின்கையொப்பம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் ஏற்றும், இல்லையென்றால் நிறுத்திவிடும். இயங்குதளத்துக்கும் கீழே போய் ஒளிந்துகொள்ளும் வைரஸ்களைத் தடுக்க இது நல்ல ஏற்பாடு. ‘நம்பத்தகுந்தவர்’ யார் என்று முடிவு செய்வது யார் என்பதில்தான் சிக்கல். கடைகளில் விற்கும் கிட்டத்தட்ட எல்லாக் கணினிகளிலும் மைக்ரோசாஃப்டின் சாவிதான் உள்ளே பதிந்து வருகிறது.

இந்த ஆபத்தை 2011இலேயே எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் அப்போது ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் இருந்த மேத்யூ காரெட். எழுந்த எதிர்ப்பின் நடுவே மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட வன்பொருள் விதிமுறையில் இரண்டு வரிகள் இருந்தன. இன்டெல், ஏஎம்டி வகைச் செயலி உள்ள கணினிகளில், செக்யூர் பூட்டை அணைக்கவும் சொந்தச் சாவியைச் சேர்க்கவும் உரிமையாளருக்கு வழி இருக்க வேண்டும். போன்களிலும் டேப்லெட்டுகளிலும் அதிகம் காணப்படும் ஏஆர்எம் வகைச் செயலி உள்ள கருவிகளில் அதை அணைக்கவே முடியக் கூடாது. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே பாதுகாப்புத் தொழில்நுட்பம், இரண்டு நேரெதிர் விதிகள்.

இரண்டாவது விதிக்குள் பிறந்தது மைக்ரோசாஃப்டே தயாரித்த சர்ஃபேஸ் ஆர்டி. 2012 அக்டோபரில் வந்தது. அதில் விண்டோஸ் ஆர்டி தவிர வேறெதையும் ஏற்ற முடியாது. அந்த விண்டோஸிலும் மைக்ரோசாஃப்ட் கடையிலிருந்து வரும் செயலிகள் (ஆப்கள்) மட்டுமே. வியாபாரம் படுத்தது. அடுத்த ஆண்டே 90 கோடி டாலர் நட்டத்தைக் கணக்கில் எழுதினார்கள். 2023 ஜனவரியோடு பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் நின்றுவிட்டன. திரையும் பேட்டரியும் நன்றாக இருக்கும் ஒரு சர்ஃபேஸ் ஆர்டி இன்று உங்கள் கையில் இருந்தால், தயாரிப்பாளரின் ஆசியோடு அதில் செய்ய முடிந்தது எதுவுமில்லை. ஆர்வலர்கள் சிலர் 2016இல் வெளியான ஒரு பாதுகாப்பு ஓட்டையைப் பிடித்து அதில் லினக்ஸை ஏற்றினார்கள். தன் சொந்தக் கருவியைக் காப்பாற்ற ஒருவர் பாதுகாப்பு ஓட்டையை நம்பியிருக்க வேண்டும் என்பதை எந்தப் பாதுகாப்பு வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

அதே 2012இல் விற்ற இன்டெல் மடிக்கணினிகளின் கதி வேறு. அவற்றுக்கு விண்டோஸ் 11 கிடையாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் செயலியும் கேட்கிறது அது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஆனால் ஃபார்ம்வேருக்குள் போய் ஒரு தேர்வை மாற்றினால், அல்லது பல நேரம் அதுகூட இல்லாமலே, அந்தக் கணினிகளில் லினக்ஸ் ஏறிவிடுகிறது. எங்கள் ஊர் நூலகத்தில் வார இறுதிகளில் மாணவர்களின் பழைய மடிக்கணினிகளைச் சரிசெய்து தருகிறோம். கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: “அண்ணா, இதில் விண்டோஸ் 11 ஏறுமா?” ஏறாது என்று சொல்லும்போது முகம் வாடும். நாலு ஜிபி ரேமை எட்டாக்கி, பழைய வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கையில் கொடுத்தால், அதே கணினியில் கல்லூரி முழுவதையும் முடித்துவிடுகிறார்கள். விண்டோஸ் 8 காலத்தில் எழுதப்பட்ட அந்த ஒரு வரியின் பலன் இது. இதை எழுதும்போது எனக்கு மைக்ரோசாஃப்ட் மீது நன்றியும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. அந்த வரியை எழுதியதும் அவர்கள்தான். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அதைக் கட்டாயத்திலிருந்து விலக்கி, அணைக்கும் வழி தருவது தயாரிப்பாளரின் விருப்பம் என்று மாற்றியதும் அவர்கள்தான்.

லினக்ஸ் வெளியீட்டாளர்களும் இதற்கிடையில் ஒரு வழி கண்டார்கள். ‘ஷிம்’ என்ற சிறு நிரலை எழுதி, அதற்கு மைக்ரோசாஃப்டிடமே கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்கள். உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகைகள் எல்லாம் அப்படித்தான் செக்யூர் பூட்டை அணைக்காமலே ஏறுகின்றன. நடைமுறைக்கு உதவுகிறது. ஆனால் போட்டியாளரின் கையொப்பத்தில் தொங்கும் சுதந்திரம் எவ்வளவு உறுதியானது? 2022இல் வந்த சில லெனோவோ திங்க்பேட் மாடல்களில், மைக்ரோசாஃப்ட் பிறருக்காக இடும் கையொப்பத்தை ஏற்கும் அமைப்பு அணைக்கப்பட்ட நிலையில் வந்தது. மைக்ரோசாஃப்டின் புதிய பாதுகாப்பு வரையறை அப்படிக் கேட்டதால் செய்ததாக விளக்கம் கிடைத்தது. ஃபார்ம்வேருக்குள் போய் இயக்கிக்கொள்ளலாம்தான். ஆனால் லினக்ஸை முதல்முறை முயன்று பார்க்கும் ஒரு மாணவர், யூஎஸ்பியைச் செருகியதும் வரும் சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு அங்கேயே நிறுத்திவிடுவார்.

பாதுகாப்பும் வாங்கியவரின் உரிமையும் ஒன்றாக இருக்கவே முடியாது என்று வாதிடுகிறவர்களுக்கு நான் காட்டுவது ஆப்பிளின் மேக் கணினியை. ஆப்பிள் என்றாலே மூடிய உலகம் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம்.

2020 நவம்பரில் எம்1 என்ற தன் சொந்தச் செயலியோடு மேக் கணினிகளை ஆப்பிள் வெளியிட்டது. இன்டெல் மேக்கில் விண்டோஸை ஏற்ற உதவிய ‘பூட் கேம்ப்’ அதோடு போனது. ஆனால் கதவை அவர்கள் முழுதாக அடைக்கவில்லை. உரிமையாளர் கணினியின் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து மீட்புத் தளத்துக்குள் போய், தன் கடவுச்சொல்லைக் கொடுத்தால், தானே தேர்ந்த கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) ஏற்ற அந்த இயந்திரத்துக்கு அனுமதி தரலாம். தொலைவிலிருந்து எந்த வைரஸும் இதைச் செய்ய முடியாது. இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, விரலால் பொத்தானை அழுத்தும் மனிதர் வேண்டும். இன்னும் அழகான ஒரு நுட்பம் உண்டு: இந்தத் தளர்வு ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனி. ஒரு பக்கம் லினக்ஸுக்காகத் தளர்த்தினாலும் மறுபக்கம் இருக்கும் மேக்ஓஎஸ் முழுப் பாதுகாப்பிலேயே இருக்கும். பூட்டும் சாவியும் சேர்ந்திருக்கும் வடிவமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

அந்தக் கதவு வழியாக உள்ளே போனதுதான் ‘அசாஹி லினக்ஸ்’. ஆப்பிள் ஆவணம் எதுவும் தரவில்லை. வன்பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை வெளியிலிருந்து ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து, ஆர்வலர்கள் நன்கொடைப் பணத்தில் எழுதினார்கள். 2022 மார்ச்சில் முதல் சோதனை வெளியீடு வந்தது. அந்தத் திட்டத்தைத் தொடங்கிய ஹெக்டர் மார்ட்டின், 2010இல் பெர்லின் மேடையில் பிளேஸ்டேஷனின் பூட்டை உடைத்துக் காட்டிய குழுவில் இருந்தவர். அங்கே பூட்டை உடைத்த கைகளுக்கு, இங்கே உடைக்க வேண்டிய தேவையே வரவில்லை.

இதே ஆப்பிள், 2021 ஏப்ரல் 20 அன்று ஒரே நிகழ்ச்சியில் எம்1 செயலியுள்ள ஐமேக்கையும் அதே எம்1 செயலியுள்ள ஐபேட் ப்ரோவையும் அறிமுகப்படுத்தியது. ஐமேக்கில் நீங்கள் லினக்ஸை ஏற்றலாம். அந்த ஐபேடில் ஏற்ற ஆப்பிள் எந்த வழியும் தரவில்லை. இரண்டுக்கும் உள்ளே ஒரே சில்லு. வித்தியாசம் முழுக்க நிறுவனத்தின் முடிவில் இருக்கிறது. ஐபேடில் ஆப்கள் பெரும்பாலும் ஆப் ஸ்டோர் வழியாகத்தான் வருகின்றன. ஒவ்வொரு விற்பனையிலும் ஆப்பிளுக்குப் பங்கு போகிறது. மேக்கிலும் ஆப் ஸ்டோர் உண்டு, ஆனால் அதற்கு வெளியிலிருந்தும் மென்பொருளை ஏற்றிக்கொள்ளலாம். பூட்டின் இறுக்கம் இந்த வருமானத்தைப் பின்தொடர்ந்தே போகிறது என்று நான் நம்புகிறேன்.

நம் நாட்டில் பெரும்பாலானோருக்கு முதல் கணினியே போன்தான். அங்கே நிலைமை இன்னும் மோசம். சில நிறுவனங்கள், இயங்குதளத்தை ஏற்றும் தொடக்க நிரலான பூட்லோடரைத் திறக்க விடுவதேயில்லை. சில, கணக்குத் தொடங்கி நாட்கணக்கில் காத்திருக்கச் சொல்கின்றன. கூகுள் நேரடியாக விற்கும் பிக்சல் போன்கள் இதில் விதிவிலக்கு. போனுக்குள் போய் அனுமதி கொடுத்த பிறகே பூட்லோடர் திறக்கும், திறந்ததும் உள்ளே இருந்த தரவெல்லாம் அழிந்துவிடும். அதனால் திருடியவருக்கு அது பயன்படாது. வேறு இயங்குதளத்தை ஏற்றிய பிறகு அதன் சாவியைப் பதிந்து மீண்டும் பூட்டிக்கொள்ளவும் முடிகிறது. சாவியும் உங்களுடையது, பூட்டும் வேலை செய்கிறது. ஆனால் இப்படி மாற்றிய போன்களில் பல வங்கிச் செயலிகளும் பணம் செலுத்தும் செயலிகளும் ஓட மறுக்கின்றன. புதுப்பிப்பு நின்று ஆண்டுக்கணக்கான பழைய ஆண்ட்ராய்டு போனை அதே செயலிகள் பல நேரம் ஏற்றுக்கொள்கின்றன. தெரிந்த ஓட்டைகளோடு கிடக்கும் போன் பாதுகாப்பானது, நேற்று வரை புதுப்பிக்கப்பட்ட போன் ஆபத்தானது என்ற இந்த அளவுகோலை வங்கிகள் மாற்றிக்கொள்ள வேண்டும். மளிகைக் கடையில் ஸ்கேன் செய்து பணம் கொடுக்க முடியாத போனை இங்கே யார் வைத்துக்கொள்வார்கள்?

என் அப்பாவிடம் ஒரு டேப்லெட் இருக்கிறது. செய்தித்தாள் படிக்கவும் பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசவும் வாங்கியது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. சார்ஜ் நாள் முழுக்க நிற்கிறது. தயாரித்த நிறுவனம் புதுப்பிப்பை நிறுத்தியதும் ஒவ்வொரு செயலியாக ‘இந்தக் கருவிக்குப் பொருந்தாது’ என்று விலகத் தொடங்கியது. பூட்லோடர் பூட்டப்பட்டது, திறக்க வழியில்லை. “கெட்டுப்போகாத பொருளை ஏன்டா மாற்ற வேண்டும்?” என்று அப்பா கேட்கிறார். நான் எத்தனையோ மடிக்கணினிகளுக்குச் செய்ததை அப்பாவின் டேப்லெட்டுக்குச் செய்ய முடியவில்லை. தயாரிப்பாளர் ஆதரவை நிறுத்தும் நாளில் பூட்டைத் திறக்கும் வழியை உரிமையாளரிடம் ஒப்படைத்தே தீர வேண்டும் என்று நான் கேட்பது அந்த டேப்லெட்டைப் பார்த்துத்தான். அதற்குப் பிறகு அந்தப் பூட்டு யாரையும் பாதுகாக்கவில்லை.

நான் என்ன கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹெச்பியோ டெல்லோ லினக்ஸுக்கு வாடிக்கையாளர் சேவை தர வேண்டும் என்று கேட்கவில்லை. எல்லா வன்பொருளுக்கும் டிரைவர் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்கவில்லை. அந்த வேலையைச் செய்ய ஆட்கள் இருக்கிறார்கள், அசாஹியே சாட்சி. வழியை மறிக்காதீர்கள் என்பதே கோரிக்கை. நிறுவனமோ பள்ளியோ தன் ஊழியருக்கும் மாணவருக்கும் இரவலாகத் தரும் கணினியை அது பூட்டி வைத்துக்கொள்ளட்டும். அங்கே உரிமையாளர் அந்த நிறுவனம்தான்.

மறிப்பது மென்பொருளால் மட்டும் நடப்பதில்லை. நண்பர் ஒருவரின் மடிக்கணினியில் கீபோர்டின் சில விசைகள் வேலை செய்யவில்லை. உத்தரவாதக் காலம் முடியவில்லை. சேவை மையத்துக்கு நானும் உடன் போனேன். திரையில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் பார்த்ததும் அங்கிருந்த இளைஞர், “சார், கூட வந்த ஓஎஸ்ஸை எடுத்துவிட்டிருக்கிறீர்கள். இது வாரண்டியில் வராது” என்றார். “தம்பி, பயாஸ் திரையிலேயே அந்த விசைகள் வேலை செய்யவில்லை, அங்கே எந்த இயங்குதளமும் ஓடவில்லையே” என்று காட்டினேன். அவருக்குப் புரிந்தது, ஆனால் அவருக்குத் தரப்பட்ட படிவத்தில் அதற்கு இடமில்லை. கடைசியில் விண்டோஸை மீண்டும் ஏற்றிக் கொண்டுபோய்த்தான் கீபோர்டை மாற்ற முடிந்தது. உடைந்த விசைக்கும் இயங்குதளத்துக்கும் தொடர்பில்லை என்பதை உத்தரவாத விதியில் எழுதிவைப்பது ஒன்றும் கடினமான காரியமில்லை.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், இந்த விஷயத்தில் நாம் அமெரிக்காவைவிட நல்ல இடத்தில் இருக்கிறோம். அங்கே மின்பூட்டை உடைப்பதே பொதுவாகத் தடை. சொந்தப் போனைத் திறந்துகொள்ள 2010இல் தனி விலக்கு அளிக்கப்பட்டது, அதைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதையே குற்றமாக்குகிறது. தன் கணினியில் வேறு இயங்குதளம் ஏற்றுவதை அந்த நோக்கத்தில் அடக்க முடியாது என்பது என் வாசிப்பு. ஆனால் உடைத்தால் குற்றமில்லை என்பதோடு நம் சட்டம் நிற்கிறது. உடைக்க வேண்டிய தேவை இல்லாமல் செய் என்று தயாரிப்பாளரிடம் சொல்லவில்லை. நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. உதிரிபாகம், கையேடு, சேவை மையம் என்று போகும் அந்தப் பேச்சில் பூட்லோடரும் செக்யூர் பூட்டும் சேர வேண்டும். திருகாணியைக் கழற்ற உரிமை தந்துவிட்டு மென்பொருளைக் கழற்ற உரிமை தராவிட்டால், இன்றைய கருவிகளில் பாதிப் பழுதைக்கூடப் பார்க்க முடியாது.

இதற்குப் பெரிய சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடே இதற்கு முன்னுதாரணம் வைத்திருக்கிறது. 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், முதல் ஆண்டுக் கணினிகளில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. பாஸ், டெபியனை அடிப்படையாக வைத்துச் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது. கணினியைத் திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பீஓஎஸ்ஸுக்குக் கிடைக்காத அந்தப் பட்டியல், அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கிடைத்தது. பல மாணவர்கள் பாஸை அழித்துவிட்டு வேறு விண்டோஸை ஏற்றிக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை. திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாத ஸ்டார்ட்டர் பதிப்பைத் தூக்கிப் போட்டதும், பாஸைத் தூக்கிப் போட்டதும், உபுண்டுவை ஏற்றிப் பார்த்ததும் எல்லாம் ஒரே உரிமையின் பயன்பாடுதான். ஒரு கணினியை அழித்து மீண்டும் கட்டுவதை அப்படித்தான் ஒரு தலைமுறை கற்றுக்கொண்டது. இன்று மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் பலர், தங்கள் முதல் ஃபார்மட்டை அந்த அரசு மடிக்கணினியில்தான் செய்ததாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இலட்சக்கணக்கில் வாங்கும் அரசுக்கு, கடையில் ஒன்று வாங்கும் நமக்கில்லாத பேரம் பேசும் வலு உண்டு. மாநில அரசோ மத்திய அரசோ மாணவர்களுக்கும் அலுவலகங்களுக்கும் கணினி வாங்க அடுத்து விடும் டெண்டரில் இந்த நிபந்தனைகளைச் சேர்க்கட்டும்: செக்யூர் பூட்டை உரிமையாளர் அணைக்கவும் தன் சாவியைச் சேர்க்கவும் முடிய வேண்டும், மாணவருக்கே சொந்தமாகக் கொடுக்கும் கணினியில் பயாஸ் கடவுச்சொல்லை வேறு யாரும் வைத்திருக்கக் கூடாது, டேப்லெட் என்றால் புதுப்பிப்பு நிற்கும் தேதியையும் அன்று பூட்லோடர் திறக்கப்படும் முறையையும் விலைப்புள்ளியிலேயே எழுத்தில் தர வேண்டும், இயங்குதளத்தை மாற்றியதால் வன்பொருள் உத்தரவாதம் போகாது. இவற்றை ஏற்க முடியாது என்று எந்த நிறுவனமாவது சொன்னால், அதற்கான காரணத்தையும் அது டெண்டர் முன்கூட்டத்தில் எழுத்தில் தரட்டும்.